ஒற்றைக் கையில் பிடிக்கும் நாவல்கள்

டயாலிசிஸ் அறையில், எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படாத விதி ஒன்று இருந்தது: கொலைகாரன் யாரென்று தெரிந்தவர் வாய் திறக்கக் கூடாது.

அதற்குத் துணையாக ஒரு வழக்கமும் உண்டு. நாவல்கள் அறையைவிட்டு வெளியே போவதில்லை. ஊசியைக் கழற்றியதும், படித்த பக்கத்தில் காலி மாத்திரை அட்டையைச் செருகி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

மிச்சக் கதை வேண்டுமென்றால் அடுத்த முறை வந்துதான் தீர வேண்டும்.

நாவல் தேடிக் கொண்டுவருவது, தானும் அங்கே டயாலிசிஸுக்கு வரும் அனந்தியின் பொறுப்பு. தொண்டூரிலிருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கியதும், செஞ்சிக் கூட்டுரோட்டின் பழைய பேப்பர் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டுகளைக் கிளறுவாள்.

ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும். ஆகவே மறு கையால் மட்டும் தாங்கிப் புரட்டக்கூடிய மெல்லிய புத்தகமாக வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வாக்கியம் நீளக் கூடாது. படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். முதல் பக்கத்திலேயே பிணம் விழுந்துவிட வேண்டும்.

ஆனாலும், உட்கார்ந்த ஒரே மூச்சில் படித்து முடித்துவிடக் கூடியதாக இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனை, பக்கத்துக் கட்டில் இளையபெருமாளுக்காக. ஷேர் ஆட்டோ ஓட்டியவர். மாசி மாதத்தில் ஒருநாள், இனி எனக்கு ஊசியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டார். யார் கெஞ்சியும் அசையவில்லை. பாதியில் விட்ட கதை உறுத்தியதில், மறு முறை தானே கிளம்பி வந்துவிட்டார்.

வந்தவருக்கு வாய் மட்டும் குறையவில்லை.

“ஜைனருங்க நீங்க, எறும்ப மிதிக்க மாட்டீங்க, பொழுது போனா சோறு துன்ன மாட்டீங்க. கொலைக்கதைய மட்டும் எப்டிம்மா இப்டி தேடித் தேடி கொண்ணாற?” என்று இன்று காலைகூட அனந்தியைச் சீண்டினார்.

அவள் சிரித்துக்கொண்டே, கையிலிருக்கும் கதையில் யார்மேல் சந்தேகம் என்று கேட்டாள்.

“லாட்ஜ் ஓனரக் கொன்னது அவன் பொண்டாட்டிதான். நீ வேணா பாரு. தப்பாப் போச்சுன்னா நான் மீசைய எடுத்துக்கறேன்.”

ஒரு மணி நேரம் போயிருக்கும். புத்தகம் தரையில் விழும் சத்தம் கேட்டு அனந்தி திரும்பினாள்.

இளையபெருமாள் புத்தகத்தைக் கீழே போடுகிறவர் அல்லர்.

முகம் முழுக்க வியர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. மெஷின் விட்டுவிட்டுக் கூவத் தொடங்கியது.

சிஸ்டர் வெண்மதி ஓடிவந்தாள். பிரஷர் சரிந்துகொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினாள், சலைனைத் திறந்துவிட்டாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேல்மாடியிலிருந்த டாக்டரை அழைத்தாள்.

“அக்கா, பேச்சு குடுங்க! கண்ண மூட வுடாதீங்க!”

அனந்தியால் எழ முடியாது. அவள் இரத்தமும் குழாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியேறிய கையை அசைக்காமல், கழுத்தை மட்டும் அவர் பக்கம் நீட்டினாள்.

“ண்ணா! இளையபெருமாளண்ணா! உங்க பொண்ணு வந்துருக்குது, பாருங்க!”

இமை பாதி திறந்து மூடிக்கொண்டது.

“ண்ணா, உங்க ஆட்டோவ எவனோ எடுத்துனு போறான்!”

அதற்கு அந்தப் பாதியும் திறக்கவில்லை.

இனி அவளிடம் ஒன்றுதான் மிச்சம்.

பழைய பேப்பர் கடைக்கு வரும் நாவல்களில் பாதிக்கு வால் இருக்காது. கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் அவள் வாங்குவாள். ஆகவே எல்லாக் கதைகளின் முடிவும், முதல் வரிக்கு முன்பே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை காலமும் எல்லோருடனும் சேர்ந்து, ஐயோ யாராக இருக்கும், என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு திகிலும் மிஞ்சியதில்லை.

சொல்லிவிடலாம். ஆனால் இவரை இந்தக் கட்டிலுக்கு இழுத்துவருவதே அந்தத் தெரியாத ஒரு பெயர்தான். அதையும் சொல்லிவிட்டால், நாளை மறுநாள் எதற்காக வருவார்?

“அக்கா! எதனா சொல்லுங்கக்கா!” வெண்மதியின் குரல் உடைந்தது.

அனந்தி அறை முழுவதும் கேட்கக் கத்தினாள்.

“பொண்டாட்டி இல்லண்ணா! கொன்னது கூடப் பொறந்த தம்பி!”

 

“அடிப்பாவி! அடுத்து நான்டி படிக்கணும்!” என்று எதிர்க் கட்டிலிலிருந்து சாமுண்டீஸ்வரி அலறினாள்.

இளையபெருமாளின் புருவங்கள் நெரிந்தன. கண்கள் திறந்தன, அவற்றில் இருந்தது சுத்தமான கோபம்.

“ஏம்மா… சொன்ன…”

“அப்டித்தான் சொல்வேன்! இன்னா பண்ணுவீங்க?”

மாடிப்படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. அவருடைய இமைகள் மறுபடி கனத்தன.

அலமாரியில், இன்னும் யாரும் பிரித்துப் பார்க்காத நாவல்கள் அடுக்கியிருந்தன. வரப்போகும் மழைக்காலம் முழுமைக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

அனந்தி மேல்தட்டிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு அட்டையாகக் கண்ணால் தொட்டு, ஒவ்வொரு கொலைகாரனின் பெயரையும், அவர் முகத்தைப் பார்த்தபடியே, உரக்கச் சொல்லிக்கொண்டு போனாள்.