நீல மையில் ஒரு தேதி

அவன் தன் சொந்த சிம்மைக் கழற்றி அவள் போனில் போட்டுப் பார்த்தான்.

சேவை இல்லை.

காங்கயம் பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே அவனுடைய போன் ரிப்பேர் கடை. இங்கே டவர் கிடைக்கவில்லை என்று சொன்னால் எவனும் நம்பமாட்டான்.

"அம்பது நாளா இப்படித்தானுங்ணா," என்றாள். நிறைமாதம். மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "வீட்டுல வைஃபை இருக்கறதால பாட்டு, படமெல்லாம் வருது. கால்தான் வர்றதில்லை. எங்கம்மாகிட்ட பட்டன் போன் மட்டுந்தானுங்க."

வளைகாப்பு முடிந்து அழைத்துப்போக வந்த அம்மாவை அவள் கணவன் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டானாம். அன்றிலிருந்து அம்மா பேசவில்லையாம். தன் போனில் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்று கணவன்தான் சொன்னானாம்.

பிரசவத்துக்காவது அம்மா வருவாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அவன் தலையாட்டி வைத்தான். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் போனோடு ஒரு கதையையும் கொண்டுவருவார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

செட்டிங்குகளை அழித்துப் புதிதாக வைத்தான்.

சேவை இல்லை.

பின்மூடியைச் சூடாக்கி நெம்பினான். பசை சட்டென்று விட்டுக்கொடுத்தது. ஏற்கெனவே திறந்த போன். எவனோ கத்துக்குட்டி கை வைத்துக் கெடுத்திருக்கிறான் என்று நினைத்தான்.

கெடுத்திருக்கவில்லை.

ஆன்டெனா வயரின் முனை அதன் இடத்திலிருந்து தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அறுபடவில்லை, நசுங்கவில்லை. முனையைச் சுற்றி அரிசி அளவுக்கு மஞ்சள் டேப். தப்பித்தவறிக்கூட அது ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று.

வேண்டுமென்றே செய்தது. வேலை தெரிந்தவன் செய்தது.

"படுபாவி," என்றான் வாய்க்குள்.

பிறகுதான் பேட்டரியின் ஓரத்தைப் பார்த்தான்.

நீல மார்க்கரில் ஒரு தேதி. பக்கத்தில் 'மு'.

வேறெங்கோ பிரித்துக் கெடுத்துவிட்டு இங்கே வந்து சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. அதனால் திறக்கிற போனில் எல்லாம் தேதியும் தன் பெயரின் முதல் எழுத்தும் போட்டுவைப்பான்.

இது அவன் கையெழுத்தேதான்.

அன்று இந்தப் போனைக் கொண்டுவந்த ஆள் நினைவுக்கு வந்தான். சலவைச் சட்டை, மரியாதையான பேச்சு. அம்மாவுக்கு மறதி நோய், யார் யாரையோ கூப்பிட்டு அழுகிறார், பாட்டு மட்டும் கேட்கிற மாதிரி செய்துகொடுங்கள் என்றான். பெற்றவளை இப்படித் தாங்குகிற பிள்ளையா என்று இவன் உருகிப்போனான். கூலிகூட வாங்காமல், போனைக் கடை உறையில் போட்டுக் கொடுத்தான். அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

டேப்பைப் பிரித்தான். முனையை வைத்து அழுத்தினான்.

இவ்வளவுதான் வேலை.

அவள் சிம்மைப் போட்டதும் சிக்னல் கோடுகள் ஏறின. ஒன்று, இரண்டு, நான்கு.

செய்திகள் வர ஆரம்பித்தன. உங்களை அழைத்த எண். உங்களை அழைத்த எண். எல்லாம் ஒரே எண்.

கடைசி மூன்று நாட்களுக்கு உரியவை மட்டுமே வந்தன. அதற்கு முந்தியவை காலாவதியாகியிருக்கும்.

மூன்று நாளில் பத்தொன்பது.

"அம்மாங்க," என்றாள்.

வயர் கழன்றிருந்தது என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை. கீழே விழுந்தால் கழலும். நாக்கு நுனிவரை வந்தது.

"கழட்டி வச்சது நாந்தாம்மா," என்றான். "உங்க வீட்டுக்காரரு அவங்க அம்மாவுக்கு மறதின்னு சொல்லிக் கேட்டாரு."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

"அத்தைக்குங்களா மறதி?"

கைப்பையிலிருந்து மடித்த காகித உறை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அவன் கடைப் பெயர் அச்சடித்த உறை.

"இத்தனை நாளும் அத்தை இதை அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தாங்க. இன்னைக்கு அவரு வெளியூரு போனதும் எடுத்துக் கொடுத்து, இந்தக் கடைக்கே போ, வேற எங்கயும் போயிராதேன்னு அனுப்புனாங்க."

வந்ததிலிருந்து அவள் நின்றுகொண்டே இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

போன் அடித்தது. அதே எண்.

அவள் உட்காரவில்லை. திறந்து கிடந்த போனை அப்படியே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். படி இறங்கி, பேருந்து நிலையத்தை நோக்கிச் சாலையைக் கடந்தாள்.

பின்மூடி அவன் கையில் இருந்தது.

அவள் காதோரத்தில், மூடியில்லாத போனின் முதுகில், நீல எழுத்து நெடுந்தூரம் தெரிந்தது.