வழி விடாத வைக்கல் லாரி

"பதினாறு காட்டுச்சு, இப்பப் பதினாலுங்குது ஈஸ்வரி!"

"மீட்டரைப் பாக்காதீக. ரோட்டைப் பாருங்க." வண்டி ஓட்டிக்கிட்டே ஈஸ்வரி புருசன் தங்கபாண்டியை அதட்டுனா.

ரோட்டைப் பாத்தா மட்டும் தூரம் கொறைஞ்சிருமா? இப்பத்தான் திருச்சுழியே வந்திருக்கு. அருப்புக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கு இன்னும் பதினஞ்சு கிலோமீட்டர். ராத்திரி கரண்டு போனதுல பேட்டரி லோடு ஆட்டோவுக்கு அரைச் சார்ஜுதான்; மீட்டர்ல காட்டுற கிலோமீட்டர்தான் ஓடும். போதாததுக்கு ஆடிக்காத்து மூஞ்சியிலயே அறையுது.

பின்னால பத்துக் கூடை மல்லிகை. ஒம்பது மணிக்குள்ள போகலேன்னா யாவாரி வேற வண்டி பாத்துக்குவாரு. ஈஸ்வரி வண்டிக்கு இதுதான் மொத லோடு.

அந்நேரம் பாத்துப் பக்கத்துல பாம் பாம்னு ஹாரன். உக்கிரபாண்டியோட வைக்கல் லாரி. வண்டி வாங்குன அன்னைக்கே, "இது ஊரு போய்ச் சேருமா தங்கச்சி, இல்ல மிஸ்டு கால் குடுத்துட்டு நின்னுருமா?"ன்னு ஊரே சிரிக்கக் கேட்ட ஆளு.

"சார்ஜு எம்புட்டு மாப்ள இருக்கு?"

"பதினாலு கிலோமீட்டரு!" தங்கபாண்டி வெள்ளந்தியாச் சொல்லிட்டாரு.

உக்கிரபாண்டி சிரிச்சான். சர்ருனு முன்னால ஏறுனான். ஏறுனவன், ரோட்டை அடைச்சுக்கிட்டுக் கல்யாண ஊர்வலம் மாதிரி ஊர ஆரம்பிச்சுட்டான்.

ஈஸ்வரி வலப்பக்கம் ஒதுங்குனா லாரியும் வலப்பக்கம். இடப்பக்கம் வந்தா அதுவும் இடப்பக்கம். கண்ணாடி பூராம் வைக்கல் தூசி.

"வேணும்னே பண்றான்! நாம நடுரோட்டுல நிக்கிறதை அவன் பாக்கணும். எறங்கி ரெண்டு குடுக்கட்டா?"

"நீங்க குடுத்தா சார்ஜு ஏறுமா? பேசாம உக்காருங்க."

மார்க்கெட்டு வாசல் வந்துச்சு. மணி எட்டு அம்பது. லாரி நிக்கவும் தங்கபாண்டி குதிச்சு ஓடுனாரு.

"ஏன் மச்சான், வழி விட்டா கொறஞ்சா போயிருவ?"

"விட்டிருந்தா பாதியில நின்னுருப்பீக மாப்ள. இந்த எதிர்காத்துல முக்கிக்கிட்டு வந்தா சார்ஜு தாங்குமா? வைக்கல் பாரம் காத்தை மறைச்சதாலதான் தப்பிச்சீக. மீட்டரைப் பாரு."

ஈஸ்வரி பாத்தா. இன்னும் மூணு கிலோமீட்டர் மிச்சம்!

எறங்கி லாரிகிட்ட வந்தா. "எறங்குங்கண்ணே, ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

"நேரமாச்சு தங்கச்சி." உக்கிரபாண்டி லாரியை வந்த பக்கமே திருப்புனான். "இந்த வைக்கலைத் திருச்சுழியில எறக்கணும்."