கண் திறந்திருக்கா?

முதலில் அலைதான் தெளிந்தது.

அதுவரை சாம்பல் நிறக் கட்டங்களாகக் கிடந்த இடத்தில் நுரை தனியாகப் பிரிந்து வந்தது. நுரைக்கு இந்தப் பக்கம் ஈர மணல். அதில் கால் வைக்கப் போகும் ஒரு மனிதர்.

“அட, எங்கூட்டுக்காரரு!” என்றாள் தனபாக்கியம். காலியான மீன் கூடையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, ஸ்டூலைக் கம்ப்யூட்டருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜீவிதாவுக்குப் பெருமையாக இருந்தது. நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். எவ்வளவு மங்கலான படத்தைக் கொண்டுவந்தாலும் ஏஐயில் போட்டுப் பெரிதாக்கித் தந்துவிடுவாள். எத்தனை முறை பார்த்தாலும், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு முகம் எழுந்து வரும்போது அவளுக்குப் புல்லரிக்கும்.

இன்றைய படம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றித் தேய்ந்து வந்தது. தீப்பெட்டி அளவுகூட இல்லை. வேளாங்கண்ணிக் கடற்கரையில், திருவிழாக் கூட்டத்தில், யாரோ தூரத்தில் நின்று பக்கவாட்டில் எடுத்தது. குளிக்க இறங்கி அலையில் போன ஒரு சின்னப் பெண்ணை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு தனபாக்கியத்தின் கணவர் கலியபெருமாள் கரையேறி வருகிறார்.

ஜீவிதா அவர் முகத்துக்குப் போனாள். நெற்றியில் ஒட்டிய முடி தெரிந்தது. இறுகிய தாடை தெரிந்தது. மீசை இழை இழையாக வந்தது.

தனபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மீசையை இவ்வளவு ஒழுங்காக வெட்டிக்கொண்ட மனிதரே இல்லையாம் அவர்.

“எவ்ளோ பெரிய அலைக்கா! கூட்டமே வேடிக்கை பாக்குது, அண்ணன் மட்டும் இறங்கியிருக்காங்க” என்றாள் ஜீவிதா. சும்மா சொல்லவில்லை. கரையில் நின்றவர்களின் கையிலெல்லாம் செல்போன் இருந்தது இப்போது நன்றாகத் தெரிந்தது.

“அவரு அப்படித்தான்” என்றாள் தனபாக்கியம். பிறகு திரையில் விரலை வைத்தாள். “அவரை விடும்மா. அவரு மூஞ்சி எனக்குத் தெரியாதா? அந்தப் பாப்பாவைப் பெருசாக்கு.”

பாப்பாவின் தலை கலியபெருமாளின் தோளில் சாய்ந்திருந்தது. முகம் இந்தப் பக்கம். முகம் என்றால், மாநிறத்தில் ஒரு பொட்டு, அதில் கறுப்பாக இரண்டு கறை.

“கண்ணு தெறந்திருக்கா பாரு.”

“அண்ணனைக் கேட்டா சொல்லிடுவாங்களேக்கா.”

தனபாக்கியம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்க கேக்குறது? புள்ளய மணல்ல போட்டாரு. இன்னொண்ணு உள்ள கெடக்குன்னு எவனோ கத்துனான். திரும்ப ஓடுனாரு. அவ்வளவுதாம்மா.”

மௌசின் மேலிருந்த ஜீவிதாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே வேறு பிள்ளையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்ததாம். அவரை எல்லோரும் வலை போட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, பாப்பாவை அதன் வீட்டார் வந்த வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. பிள்ளை பிழைத்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். கரைக்கு வரும்போதே உயிர் இல்லை என்று சிலர் சொன்னார்கள்.

தனபாக்கியத்துக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

ஜீவிதா பட்டனை அழுத்தினாள்.

கறை கலைந்து இமை வந்தது. இமைக்குக் கீழே கண் வந்தது. திறந்த கண். கருவிழியில் வெளிச்சப் புள்ளிகூட இருந்தது.

“தெறந்திருக்கு!” தனபாக்கியம் ஜீவிதாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இந்த அம்மா நிம்மதியாக பஸ் ஏறிப் போய்விடுவாள். ஜீவிதா சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் உதட்டைக் கவனித்தாள். பாப்பா சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட போட்டோவுக்கு நிற்பதுபோல அழகான, ஈரமே படாத சிரிப்பு. கடலுக்குள் போய் வந்த எந்தப் பிள்ளை இப்படிச் சிரிக்கும்?

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கண்ணு படத்துல இல்ல. கொழந்தை மூஞ்சின்னா இப்படித்தான் இருக்கும்னு மெஷினே வரைஞ்சது. சிரிப்பையும் அதுதான் போட்டிருக்கு.”

முழங்கையிலிருந்த பிடி தளர்ந்தது. தனபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையை எடுக்கக் குனிந்தாள்.

“இருங்கக்கா, போயிடாதீங்க.”

ஜீவிதா பளிச்சென்ற படத்தை மூடினாள். வாட்ஸ்அப்பில் வந்ததை வந்தபடியே திறந்தாள். மறுபடியும் கட்டங்கள், மறுபடியும் கறை. முகத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாப்பாவின் கால் அவர் கைக்குப் பின்னால் மறைந்திருந்தது. பாவாடை எது, நுரை எது என்று பிரியவில்லை.

கலியபெருமாளின் கழுத்துக்கு வந்ததும் நின்றாள். கறுத்த கழுத்தின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று போனது. கோடு பாப்பாவின் தோளில் தொடங்கியது. மேலே ஏறி, கழுத்தைச் சுற்றி, அவர் பிடரியில் போய் முடிந்தது.

“இங்க பாருங்கக்கா, இது பாப்பாவோட கை. உசுரு இல்லன்னா தொங்கியிருக்கும். இது மேல ஏறி அண்ணன் கழுத்தைக் கட்டிப் புடிச்சிருக்கு. இதை யாரும் வரையல. மொதல்லேருந்தே இருக்கு.”

தனபாக்கியம் அந்த மங்கலான கோட்டை வெகுநேரம் பார்த்தாள். அதன் மேல் விரலை வைத்து, தோளிலிருந்து பிடரிவரை மெல்ல நகர்த்தினாள்.

“கடைசியா அவருக்குத் தண்ணி ஊத்துறப்ப பாத்தேம்மா” என்றாள். “பின்கழுத்துல சின்னச் சின்னதா நகம் பட்ட மாதிரி கீறலு. வலை கிழிச்சிருக்கும்னு சொன்னாங்க.”