பதினோராவது கேள்வி

வருடத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாகத்தான். அழுத்தித் தேய்த்தால் தாளில் திட்டு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மரக்கட்டையில் செதுக்கி அச்செடுக்கிறவர்கள் படத்தின் கீழே பென்சிலில்தான் எழுதுவார்கள். இடது மூலையில் எத்தனையாவது பிரதி. வலது மூலையில் கையெழுத்தும் வருடமும். பேனாவைத் தொடமாட்டார்கள். யார் ஏற்படுத்திய வழக்கமோ, இன்றைக்கு அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டாயிரத்துப் பதினேழு. ஐந்து படங்களிலும் அதே வருடம்.

கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அறக்கட்டளையோ, கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்த படைப்புகளைத்தான் கேட்கிறது. முதலில் உண்மையான வருடத்தையே போட்டுப் பார்த்தாள். கணினியில் அந்தக் கட்டம் சிவந்து முறைத்தது.

தனிக் கண்காட்சி வைக்க ஒரு சின்ன உதவித்தொகை. விண்ணப்பிக்க வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தாறு பிறக்கிறது.

இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம். அதற்குப் பிறகு இந்தக் கதவு அவளுக்கு இல்லை.

புது வருடத்தை எழுதி, படங்களைப் புகைப்படம் எடுத்து ஏற்றினாள். கட்டங்கள் பச்சையாகின.

வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

எட்டு வருடமாக என்ன செய்தாள் என்று கேட்டால், அடுத்தவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினாள்.

முதலில் வந்தவன் சேவுகன். பகலில் மில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வீதி நாடகம். 'சமூகத்தில் ஏற்படவிருக்கும் தாக்கம் யாது' என்ற கேள்வியைப் பார்த்து மிரண்டுபோய் வந்திருந்தான். பாரம் தமிழில்தான் இருந்தது. ஆனால் அது யாரும் பேசுகிற தமிழ் இல்லை. அவள் எழுதிக்கொடுத்தாள். அவனுக்குக் கிடைத்தது.

சேவுகன் சும்மா இருப்பானா. நாலு ஊருக்குச் சொல்லிவிட்டான்.

அடுத்து கேமராவோடு இருதயமேரி வந்தாள். பிறகு ஒரு பறைக்குழு. பிறகு சுவரில் ஓவியம் தீட்டும் இரட்டையர். அக்காவிடம் கொடுத்தால் வந்துவிடும் என்று பேர் ஆகிவிட்டது. வரவும் செய்தது.

யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு முறையும் அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

மிச்சம் இருந்தது பதினோராவது கேள்வி.

'தற்போது எந்தப் படைப்பில் ஈடுபட்டுள்ளீர்கள்? குறைந்தது ஐம்பது சொற்கள்.'

சேவுகனின் இந்த வருடப் பாரமும் பக்கத்திலேயே திறந்திருந்தது. அவனுக்கும் அதே கேள்விதான் பாக்கி. முதலில் அவனுடையதை முடித்துவிடலாம் என்று அதற்குத் தாவினாள்.

நான்கே நிமிடம். பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாசலில் காத்து நிற்கும் பெண்களைப் பற்றிய நாடகம். நான் ஒத்திகை பார்க்கிறேன், நான் வசனத்தை மாற்றுகிறேன் என்று அவனாகவே மாறி எழுதினாள். அனுப்பியும் விட்டாள்.

தன்னுடையதற்குத் திரும்பினாள்.

'தற்போது நான்' என்று அடித்தாள்.

சுட்டி கண்சிமிட்டியது.

பொய்தான் எழுத வேண்டும். இவ்வளவு செய்தாயிற்று, இன்னும் ஐம்பது சொல்லில் என்ன வந்துவிடப்போகிறது. மீன் ஏலம் விடும் பெண்களின் கைகளை அச்சில் கொண்டுவந்துகொண்டிருப்பதாக எழுதினாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது.

அது இருதயமேரியினுடையது. போன வருடம் அவளுக்காக எழுதியது.

அழித்தாள்.

நகரத்துச் சுவர்களின் நினைவுகள் என்று தொடங்கினாள். அது இரட்டையர்களுடையது.

அதையும் அழித்தாள். தனக்கென்று ஒரு பொய்கூட வரவில்லை.

நான்கு ஐம்பதுக்குக் கைபேசி அடித்தது. சேவுகன்.

"அக்கா, நம்ம பாரம் போயிருச்சா?"

"போயிருச்சு சேவுகா."

"உங்களுது?"

"எழுதிக்கிட்டு இருக்கேன்."

"உங்களுக்கென்னக்கா. எங்களுக்கே அந்தப் போடு போடுறீங்க, உங்களுக்குன்னா கேக்கவா வேணும்."

அவன் மனதாரத்தான் சொன்னான். பின்னால் மில்லின் இரைச்சல் கேட்டது. வைத்துவிட்டான்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு அடித்தாள்.

'பாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.'

இன்னும் நாற்பத்தெட்டுச் சொற்கள் தேவை என்றது கட்டம்.

சரி என்று எழுதினாள். யார் யாருக்கு என்று எழுதினாள். சேவுகன் வசனத்தை மறந்து நின்ற இடத்தில் கூட்டம் கைதட்டியதை எழுதினாள். தன் உளி துருப்பிடித்துக் கிடப்பதை எழுதினாள். மேலே இருக்கும் ஐந்து படங்களும் எட்டு வருடப் பழசு, வருடத்தை இன்று மதியம்தான் அழித்தேன் என்பதையும் எழுதினாள்.

விரல்கள் நிற்கவில்லை. சேவுகனுக்கு எழுதிய அதே வேகம்.

கட்டம் எப்போது பச்சையானது என்று அவள் கவனிக்கவில்லை.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நன்றாகப் பசித்தது.