பந்தியில் விழுந்தவர்

நர்ஸ் லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் செல்வபாக்கியம் சிஸ்டரால் எங்கேயும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. சுகாதாரத் துறை அனுப்பும் சோதனைப் பொம்மைகள் அசல் மனிதர்களைப் போல வேட்டி கட்டி, வியர்த்து, நர்ஸ் இருக்கும் இடமாகப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும். காப்பாற்றியதும் எழுந்து உட்கார்ந்து மார்க் சொல்லும்.

அன்று கோவில்பட்டியில் கல்யாணப் பந்தி. அவள் அப்பளத்தை நொறுக்கும்போது எதிர் வரிசைப் பெரியவர் இலைமேலேயே சரிந்தார்.

"சோறு போடுற நேரம் பாத்துத்தான் விழுவீங்களோ?" என்று முணுமுணுத்தபடி எழுந்தாள். மூச்சில்லை, நாடியில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்!

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!" என்று கத்திவிட்டுச் சாம்பார்க் கையோடு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். போன தடவை, நெஞ்சு முழுதாக மேலெழ விடவில்லை என்று இரண்டு மார்க் போயிற்று. இந்த முறை மார்க்கை விடுவாளா? நின்ற இதயத்தைத் தட்டியெழுப்பும் மண்டபத்து ஷாக் பெட்டி வந்ததும் பட்டைகளை ஒட்டி, "யாரும் தொடாதீங்க!" என்று அதட்டிப் பொத்தானை அமுக்கினாள். உடனே மறுபடி நெஞ்சை அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியவர் முனகிக் கண் திறந்தார்.

"எத்தனை மார்க்? சீக்கிரம் சொல்லு, ரசம் ஆறுது."

பெரியவர் மலங்க மலங்க விழித்தார். "ஏம்மா, என் இலைக்குப் பாயசம் ஊத்திட்டானா?"

எந்தப் பொம்மையும் இதுவரை பாயசம் கேட்டதில்லை. செல்வபாக்கியம் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்து, நிஜ மனுஷனின் நாடியை எண்ண ஆரம்பித்தாள்.