ஏழாவது குடுவை

ஆய்வுக்கூடத்தில் அவள் ஆட்டும் கருவியில் வைத்துவிட்டுப் போனது ஆறு குடுவைகள். காலையில் ஏழு ஆடிக்கொண்டிருந்தன. ஆறிலும், பிசின் சுரக்க வேண்டிய பாக்டீரியாக் கரைசல் தண்ணீராகவே கிடந்தது. ஏழாவதில் மட்டும் தேன்போலப் பிசின் சுரந்திருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பிசின் வரலைன்னா ஆராய்ச்சிய மூட்டை கட்டிடலாம்மா” என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

ஏழாவதில் சீட்டு சாய்வாக ஒட்டியிருந்தது. பச்சை மையில், ‘சர்க்கரைய ரெட்டிப்பாக்கு, சூட்டைக் குறை.’ இதே மேசையில் வேலை பார்த்து, போன வருடம் இறந்துபோன அக்காவின் கையெழுத்து.

அப்படியே செய்தாள். வெள்ளியன்று ஆறு குடுவைகளிலும் பிசின்.

கண் கலங்க ஏழாவதைக் கழுவி, ‘ரொம்ப தேங்க்ஸ்க்கா’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள்.

திங்களன்று அதன் கீழே பச்சை மை ஈரம் காயாமல் இருந்தது: ‘அடியில இன்னும் வழவழங்குது. ஒழுங்கா கழுவுடி.’