கொடி காட்டும் உத்தியோகம்

“பொம்பிளய அவள்ட வீட்ட விட்டுக் கிளப்பிக்கொண்டு போறதா? இதென்ன புது வழக்கம் மருமகன்?” என்று அன்னப்பூரணி கேட்டபோது, நல்லரத்தினம் தகரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பழுகாமத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண் தன் வீட்டை விட்டுப் புருஷனோடு குடிபோன கதையை அந்த ஊர் கேட்டதில்லை.

“துரை சொல்லிப்போட்டார் மாமி. குடும்பத்தோட வந்து இரிந்தாத்தான் வேலை நிரந்தரமாம்.”

“என்ட மகள் எங்க இரிந்தா அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன? ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான். அவன்ட கண் எதில எண்டு எனக்குத் தெரியும்.”

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. “நீங்க ஒண்டு மாமி! துரை அந்தப் பக்கம் கால் வைக்கிறதே இல்ல. கம்பிக்குள்ள இரிக்கிற ஆக்களும் வெளியில வாறதில்ல. அங்க நான்தான் ராசா.”

ராசாதான். அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு நாள் வாவியில் தண்ணீர்ப் பிளேன் ஒன்று வந்து இறங்கியது. ஊரே பிளேனைப் பார்த்தது. நல்லரத்தினம் மட்டும் தோணியில் நின்று கொடி காட்டி அதை இறக்கினவனைப் பார்த்தான். பறக்கிறவனைவிட அவனுக்கு இடம் காட்டுகிறவன்தான் பெரியவன் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

தேடி வந்த தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார் வேலையைக்கூட உதறிவிட்டான். ‘கொடிக்காரன்’ என்று ஊர் கேலி பண்ணியது. பைத்தியத்துக்காவது வைத்தியம் உண்டு, ஆசைக்கு ஏது?

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததும் இவனுக்குக் காலம் பிறந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் காடு வெட்டிப் பிளேன் இறங்க நிலம் திருத்தினார்கள். வெளியின் மறுகோடியில், முள்ளுக்கம்பிக்குள் பிளேன்கள் வரிசையாக நின்றன. கிட்டப் போகத் தடை, உள்ளே யார் என்று கேட்கவும் தடை. யுத்த காலம் அல்லவா!

இந்தக் கோடியில் நல்லரத்தினத்துக்கு ஓர் உயரமான கொட்டில், ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. பச்சை காட்டினால் பிளேன் எழும்பலாம், சிவப்புக் காட்டினால் கூடாது. மேலிடத்து உத்தரவு வரும்வரை பழகு என்றார்கள். வெறும் ஆகாயத்தைப் பார்த்துக் காலையும் மாலையும் கை வலிக்க வீசிப் பழகினான்.

சீதேவி கடைசியில் கைக்குழந்தையோடு புறப்பட்டு வந்தாள். தாயின் அழுகையைவிடப் புருஷனின் முகம் அவளுக்குப் பெரிதாகப் போயிற்று.

துரையின் அக்கறைக்கு அளவே இல்லை. அவருக்கு மொழிபெயர்க்கும் கனகசிங்கத்தார் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போவார்.

“தங்கச்சி, அடுப்ப வெளியில மூட்டட்டாம். உள்ளுக்குப் புகை அடைஞ்சா புள்ளைக்கு ஆகாதெண்டு துரை சொல்றார். புள்ளைட சீலையெல்லாம் மரத்துக்குக் கீழ போடாம, வெட்டவெளியில வெயிலுக்குக் காயப்போடுங்க.”

சொல்லும்போது அவர் சீதேவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். மரியாதை தெரிந்த மனுஷர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை, டவுனில் துரை வேலை பார்க்கும் கந்தோருக்கு வரச்சொல்லி நல்லரத்தினத்துக்கு ஆள் வந்தது. போனான். வேலை நிரந்தரம் என்று சொல்லித் துரை அவனுக்குக் கையே கொடுத்துவிட்டார். கொடிக்காரன் என்று சிரித்த அத்தனை பேரும் இனி வாயை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? மாமியின் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டதாக அவன் பூரித்துப்போனான்.

அப்போதுதான் அபாயச் சங்கு ஊதியது. கந்தோரே விழுந்தடித்துக்கொண்டு முற்றத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கியது.

கடல் பக்கமிருந்து ஜப்பான் பிளேன்கள் இரைந்துகொண்டு வந்தன. டவுனுக்கு நேர்மேலே வந்தவை, வாவிக்கு அப்பால் எதையோ கண்டதுபோல் மேற்கே திரும்பின. துரை தூரக்கண்ணாடியால் பார்த்து ஏதோ சொன்னார். பக்கத்தில் குந்தியிருந்த வெள்ளைக்காரன் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

சீதேவியும் குழந்தையும் இருக்கிற பக்கமாயிற்றே என்று நல்லரத்தினம் எழுந்து எட்டிப் பார்த்தான். ஆனாலும் முள்ளுக்கம்பிக்குள் நிற்கும் பிளேன்களை நினைத்ததும் தெம்பு வந்தது. “எங்கட பிளேனெல்லாம் இப்ப எழும்பும் பாருங்க, ஒருத்தனும் தப்பமாட்டான்!” என்று குழிக்குள் இருந்தவர்களுக்குத் தைரியம் சொன்னான்.

முதல் குண்டு விழுந்தது. வாவியைத் தாண்டி வந்த அதிர்ச்சியில் குழியின் மண் உதிர்ந்தது. அடுத்தது, அதற்கு அடுத்தது. படுவான்கரையில் கரும்புகை எழும்பியது. பிளேன் ஒன்றுகூட எழும்பவில்லை.

அவனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பச்சைக் கொடி காட்டவேண்டியவன் இங்கே வந்து ஒளிந்திருக்கிறான், அவர்கள் எப்படி எழும்புவார்கள்? பாவி, வேலையை விட்டுவிட்டு வந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

“ஐயா, என்ட கொடிக்குத்தான் அவங்க பாத்துக்கொண்டு நிக்கிறாங்க!” கனகசிங்கத்தாரின் கையைப் பிடித்து உலுக்கினான். “கொடி இல்லாம எழும்பச் சொல்லி துரைய உத்தரவு குடுக்கச் சொல்லுங்க ஐயா! என்ட பொண்டாட்டி புள்ள அங்க!”

கனகசிங்கத்தார் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“பலகையில செஞ்ச பிளேன் எப்பிடி மனே எழும்பும்?”